குவார்ட்ஸ் குழாயில் மூன்று விரல்கள்

கோயிலில் தீபாராதனைத் தட்டு என் பக்கம் வரும்போது நான் இரண்டடி பின்னால் போய்விடுவேன். பக்கத்தில் நிற்பவர்கள் என்னை நாத்திகம் பேசுகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சாமியோடு சண்டை இல்லை, கற்பூர வாசனையோடுதான் சண்டை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று, "இன்னா டாக்டரம்மா" என்று கூப்பிடப்போகிறார் என்று உடம்பு தயாராகிவிடும். இத்தனை வருஷம் ஆகியும் அது போகவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் சில வருஷம் நான் அந்த வாசனைக்குள்ளேயே குடியிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ரப்பர் கம்பெனிகளுக்குக் கரித்தூள் விற்கும் ஒரு தொழிற்சாலை. அதன் பின்பக்கத்தில் முன்பு சைக்கிள் ஸ்டாண்டாக இருந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்து, 'ஆராய்ச்சி அறை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அப்போது எல்லோருக்கும் நானோ பைத்தியம் பிடித்திருந்த காலம். எங்கள் முதலாளி ஏதோ கண்காட்சிக்குப் போய், கரியிலேயே தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய குழாய்கள் வளர்க்கலாம், அதைத் தங்கம் மாதிரி கிராம் கணக்கில் விற்கலாம் என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். கரி விற்கிறவருக்கு அதைவிட இனிப்பான சேதி வேறு என்ன வேண்டும்? எம்.எஸ்சி. வேதியியல் படித்த இரண்டு பேரை வேலைக்கு எடுத்தார். ஒருத்தி நான். தினமும் கடம்பத்தூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

செய்முறை பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஃபெரோசீன் என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி. இரண்டு கரிம வளையங்களுக்கு நடுவில் ஒரே ஒரு இரும்பு அணு, கிரீம் பிஸ்கட்டில் கிரீம் இருப்பதுபோல. அதையும் கற்பூரத்தையும் கலந்து, உலைக்குள் படுக்கவைத்திருக்கும் நீளமான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் வைப்போம். ஆர்கான் வாயு இரண்டின் ஆவியையும் தள்ளிக்கொண்டு உலையின் நடுவுக்குப் போகும். அந்தச் சூட்டில் கற்பூரம் உடைந்து கரியாகும், ஃபெரோசீன் உடைந்து இரும்புத் துளிகளாகும். ஒவ்வொரு இரும்புத் துளியிலிருந்தும் கரி முடிபோல வளரும். குழாயைக் குளிரவிட்டுச் சுரண்டினால் கறுப்பாக, பூனைமயிர் போலப் பஞ்சு பஞ்சாய் வரும். வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் வெறும் அடுப்புக்கரிதான் வரும்.

கற்பூரத்தைக் கும்மிடிப்பூண்டி பஜாரில் பூஜை சாமான் கடையிலிருந்து டப்பா டப்பாவாக வாங்குவோம். கடைக்காரர் ரொம்ப நாள் நாங்கள் ஏதோ பெரிய கோயிலுக்கு வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "எந்தக் கோயிலும்மா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார். என்னோடு வந்தவர், "சாமி இன்னும் வரலிங்க. வந்தா சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அப்படிப் பேசுகிறவர்தான் அவர், என்னோடு வேலைக்கு எடுக்கப்பட்ட இன்னொருவர். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனோடு படகில் போய்விடுவார். திங்கட்கிழமை வரும்போது முகம் கறுத்து, கையில் உப்பும் கவிச்சியும் மணக்கும். வலது கையின் மோதிர விரல் மட்டும் நுனியில் உள்பக்கமாக வளைந்திருக்கும். சின்ன வயதில் வலைக்கயிறு சுற்றி இழுத்ததில் ஒடிந்து, அப்படியே கூடிவிட்டதாம். நான் பகுதிநேர ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிவு செய்த நாளிலிருந்து எனக்கு டாக்டரம்மா என்று பெயர். நான் அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன், திட்டும்போதுகூட. எலியும் பூனையுமாக இருப்போம். அவர் எனக்கு யார் என்று கேட்டால், வாய்நிறையச் சண்டை போடக் கிடைத்த ஒரே ஆள் என்று சொல்வேன். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஊர் நினைக்கிற மாதிரிப் பிடித்தம் அல்ல. அவர் லீவு போட்டால் அன்று எனக்கு நாஷ்டா கூட இறங்காது.

எங்கள் சண்டையில் பாதி அந்தக் குழாயைப் பற்றித்தான். அது சாதாரணக் கண்ணாடி இல்லை, குவார்ட்ஸ். எத்தனை சூட்டையும் தாங்கும், ஆனால் மனிதன் கையைத் தாங்காது. வெறுங்கையால் தொட்டால் வியர்வையில் இருக்கும் உப்பு அதில் ஒட்டிக்கொள்ளும். உலைச் சூட்டில், உப்பு பட்ட இடத்தில் கண்ணாடி தன் குணம் மாறி, மெல்ல மெல்லப் பால்வெள்ளையாக உறைய ஆரம்பிக்கும். ஒரு தரம் தொடங்கிவிட்டால் நிற்காது. ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் பரவும். அதனால் கையுறை போடாமல் குழாயைத் தொடக்கூடாது என்று நான் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி முழுக்க மாவிலையும் வாழைக்கன்றும். அரவை மெஷினுக்கு ஆளுயர மாலை போட்டு, கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். எங்கள் அறையில் அவர்தான் பூசாரி. தராசுக்குச் சந்தனம், பம்புக்குக் குங்குமம், ஆர்கான் சிலிண்டருக்குப் பட்டையாக விபூதி. நான் பொரி அள்ளித் தின்றுகொண்டே திரும்பினால், உலை மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரில் குழைத்த விபூதியை மூன்று விரலால் குழாயின் நடு வயிற்றில் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ! இன்னா பண்றீங்க?"

"எல்லாத்துக்கும் வச்சிட்டு, சோறு போடுறத மட்டும் வுட்டா அது கோச்சிக்காதா?"

"அது கோச்சிக்காது, வெளுத்துப் போவும். சொவுத்துல எழுதி ஒட்டிகீறனே, படிக்கத் தெரியும்ல?"

"ஒரு நாளு டாக்டரம்மா. மறுநாளு நானே தொடச்சி வுடுறேன். இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு."

சொன்னபடி மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "எங்க இருக்குது, காட்டுங்க" என்றார். நானும் கண்ணை இடுக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அதற்கடுத்த சூட்டில் குழாயிலிருந்து நல்ல பஞ்சு வந்தது. அதுவரைக்கும் வராத அளவுக்கு வந்தது. "பாத்தீங்களா, வெபூதி மகிமை" என்றார். "வெங்காயம்" என்றேன். இரண்டு பேரும் முதலாளி வாங்கிக் கொடுத்த ஸ்வீட்டைத் தின்றோம்.

ஐப்பசி மழை பிடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு முகத்துவாரத்தில் அவர்கள் படகு கவிழ்ந்தது. அண்ணன் நீந்திக் கரை சேர்ந்தார். இவர் சேரவில்லை. திங்கட்கிழமை காலை நான் அறைக்குள் உட்கார்ந்து, ஆள் ஏன் இன்னும் வரவில்லை, வந்தவுடன் எப்படித் திட்டலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதுதான் வாட்ச்மேன் வந்து சொன்னார். குப்பத்துப் படகுகள் எல்லாம் தேடின. ஆந்திரா எல்லை வரைக்கும் போய்த் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் காரியமும் நடக்கவில்லை. கடல் எடுத்ததைக் கரையில் போடும், போடாவிட்டால் ஆள் எங்கேயோ உயிரோடு ஒதுங்கியிருக்கிறான் என்று அண்ணன் சொன்னார். அவர் அம்மா, மருமகள் கழுத்துத் தாலியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி சின்னப் பெண். கல்யாணமாகி இரண்டு தீபாவளிகூடப் பார்க்கவில்லை. நான் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். வாசல் கொடியில் அவருடைய நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் எத்தனையோ நாள் கரியாக்கிய சட்டை. உடுத்த ஆளில்லாமல் வாரா வாரம் அதைத் துவைத்துப் போடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "அக்கா, நீங்க படிச்சவங்க. நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு அதுதான் உண்மை, எனக்கும் தெரியவில்லை. நானே பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் நீலச் சட்டை எதைக் கண்டாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறையில் நான் தனியானேன். வாயு வெளியே போகிற குழாயை எண்ணெய்க்குள் விட்டிருப்போம், அது குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம், ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பிப்பது போலவே இருக்கும். அவர் இருந்தபோது எனக்கு அந்தச் சத்தமே கேட்டதில்லை. இப்போது அது செருமும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லாத ஸ்டூலைப் பார்த்துத் திட்டவும் செய்தேன். "மழையில கடலுக்குப் போவ சொல்லி யாரு அழுதா? ஒரு வாரம் மீனு தின்னலன்னா செத்தா பூடுவீங்க?" வாயில் வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அன்று ரயிலில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன்.

தை மாதம். கரி படிந்த குழாயைச் சுத்தம் செய்ய, உள்ளே காற்றைவிட்டுச் சூடேற்றி, கரியை எரித்துவிடுவோம். பிறகு கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். அன்று எரித்து, ஆறவிட்டு, உலையைத் திறந்தேன். குழாயின் நடு வயிற்றில் மூன்று வெள்ளைக் கோடுகள் இருந்தன. பனிக்காலத்தில் கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல லேசாக, பக்கத்தில் பக்கத்தில். மூன்றாவது கோடு நுனியில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. விபூதி என்பது சாம்பல், சாம்பலில் காரம் உண்டு. அவர் கையிலோ கடலுப்பு. பஞ்சால் துடைத்தால் கண்ணுக்குத் தெரிந்தது போகும், கண்ணுக்குத் தெரியாதது இருக்கும். அத்தனை சூடு தாங்கி அது மெதுவாக வெளியே வந்திருக்கிறது. இதையெல்லாம் நான் யாருக்கும் வகுப்பெடுக்க முடியும். ஆனால் அன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளுத்தது பேயாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சூட்டுக்கும் கோடுகள் வளர்ந்தன. உள்ளே கறுப்புக் கரி படியும்போது அதன்மேல் அந்த வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. விரல்கள் நுனி தாண்டி நீண்டன. அறையைப் பெருக்க வருகிற பெரியம்மா, பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர், ஆண்பிள்ளை யாரையும் நைனா என்றே கூப்பிடுகிறவர், ஒரு நாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார். துடைப்பம் கீழே விழுந்தது.

"அந்த நைனா கையிதும்மா. வளருது பாரு."

"அது உப்பு, பெரிம்மா."

"உப்புக்கு இன்னாத்துக்கு வெரலு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்தது, சொல்லப் பிடிக்கவில்லை.

மேனேஜரிடம் போனேன். வெள்ளை தடித்துக்கொண்டே போனால் குழாய் உடையும் என்றேன். சூட்டில் உடையாது, ஆறும்போதுதான் உடையும். வெள்ளையான இடம் ஒரு விதமாகச் சுருங்கும், நல்ல கண்ணாடி இன்னொரு விதமாகச் சுருங்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துத் தெறித்துவிடும். "புது டியூப் வெளிநாட்டுலருந்து வரணும்மா. மாசக்கணக்குல ஆவும்" என்றார் அவர். "சாம்பிள் கேட்டு பார்ட்டி உயிரெடுக்கிறான். ஒடையாம ஓட்ட வழி இருக்குதா?" ஒரே வழிதான் இருந்தது. உலையை அணைக்கவே கூடாது. வேலை இல்லாத நேரத்திலும் நடுத்தரச் சூட்டில் வைத்திருக்க வேண்டும், கரியை நீளக் கொக்கியால் இழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். "அப்படியே செய்" என்றார். அவருக்குச் சாம்பிள் வேண்டும். எனக்கு அந்த மூன்று விரல் வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை.

அதிலிருந்து அந்த உலை அணையவில்லை. ரயிலில் வரும்போதே, கரண்ட் இருக்குமா, உலை சூடாக இருக்குமா என்பதே நினைப்பாக இருக்கும். வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ச் சூடு காட்டும் எண்ணைப் பார்ப்பேன். ஒரு பங்குனி மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். எண் இறங்க ஆரம்பித்தது. நானும் பெரியம்மாவும் கிடைத்த வெப்பக் கம்பளியை எல்லாம் இழுத்து, குளிர்ஜுரக்காரருக்குப் போர்த்துவதுபோல உலையைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தினோம். "போவாத நைனா, போவாத" என்று பெரியம்மா வாய்விட்டே சொன்னார். நானும் உள்ளுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தபோது குழாய் பிழைத்திருந்தது.

பெரியம்மாவுக்கு வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி. பஸ் ஸ்டாண்டில் சொன்னார், அது பொன்னேரிக்குப் போனது, பொன்னேரியிலிருந்து மீன்கூடைக்காரிகளோடு பழவேற்காடு போனது. போய்ச் சேரும்போது அதற்குக் கால் கை முளைத்திருந்தது. கம்பெனிக் கண்ணாடியில் அவன் கை வளர்கிறது, அதனால் ஆள் உயிரோடு இருக்கிறான்.

சித்திரை வெயிலில் ஒரு காலை அவர் மனைவி வந்து அறை வாசலில் நின்றாள். தனியாக, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். பெரியம்மா அவளைக் கண்டதும் தரையைப் பார்த்தபடி ஓரமாக நகர்ந்துகொண்டார்.

"அக்கா, அவரு கை இங்க வளருதாமே."

நான் அவளை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

"ஊட்ல இந்தக் கைய வச்சிதான் உசுரோட கீறாருன்றாங்க. காக்கிநாடா பக்கம் பாத்தேன்னு ஒர்த்தன் வந்து சொல்றான். எங்கம்மா ஊட்ல, காரியத்த முடிச்சிட்டு வந்துடுன்றாங்க. நான் ஒரு நாளு பூ வக்கிறேன், ஒரு நாளு பிச்சி எறியிறேன். ரெண்டுங்கெட்டானா நிக்கிறங்க்கா. எனக்கு அவங்க யாரு பேச்சும் வாணாம். நீங்க கூட இருந்தவங்க. இந்தக் கைய தெனம் பாக்குறவங்க. இருக்கிறாரா, இல்லியா? நீங்க சொன்னா கேட்டுக்கிறேன்."

நான் உலை மூடியைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. கறுத்த குழாயின்மேல் மூன்று வெள்ளை விரல்கள். அவள் குனிந்தாள். அந்த வளைந்த மூன்றாவது விரலைப் பார்த்த உடனே அவள் முகம் உடைந்துவிட்டது. "அவருதான்" என்று சொல்லிக் கையை நீட்டினாள். நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "சூடும்மா, சூடு."

மூடியைச் சாத்திவிட்டு அவளுக்குச் சொன்னேன். ஆயுத பூஜையைச் சொன்னேன், விபூதியைச் சொன்னேன், நான் திட்டியதையும் அவர் துடைத்ததையும் சொன்னேன். விபூதி மகிமை என்று அவர் சொன்ன இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"சாம்பலும் அவரு கை உப்பும்தாம்மா அது. உசுரு இருக்கிறதுனால வளரல. நாங்க வுடாம சூடு காட்றோம், அதனால வளருது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வியின் பாதிக்குத்தான் பதில் சொல்லியிருந்தேன். மீதிப் பாதியை யாரும் அதுவரை அவளிடம் சொன்னதில்லை. நானும் என்னிடம் சொல்லிக்கொண்டதில்லை. எண்ணெயில் குமிழி செருமிக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, பின்னால் அவர் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போல.

"இல்லம்மா" என்றேன். "அவரு இல்ல. போயிட்டாரு."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, உலைப் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"இத்த அணைச்சிட்டா இன்னா ஆவும்?"

"வளர்றது நின்னுடும். ஆனா ஆறும்போது ஒடஞ்சி பூடும். அதான் அணைக்காம வச்சினுகீறேன்."

"எப்பலருந்து?"

"பொங்கலு கழிஞ்சதுலருந்து."

"நானு அங்க சட்டையத் தொவச்சித் தொவச்சிப் போடறேன். நீங்க இங்க அணைக்காம வச்சினுகீறீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "போதுங்க்கா. எத்தினி நாளுதான் அந்த மனுசன நெருப்புலயே வச்சிருப்பீங்க? ஆறட்டும், வுட்டுடுங்க."

அந்த வாரம் சாம்பிள் அனுப்பியாக வேண்டும். மேனேஜர் என்ன சொல்வார் என்று யோசித்தேன் என்றால் அது பொய். யோசிக்கவே இல்லை. போய் ஸ்விட்சைக் கீழே தள்ளினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. மூன்று மாதமாக எரிந்துகொண்டிருந்த விளக்கு.

மூன்று பேரும் உலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். எண் இறங்கிக்கொண்டே வந்தது. மேனேஜர் எதற்கோ வந்து, "யாரு அணைக்கச் சொன்னது?" என்று ஆரம்பித்தவர், அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர்கள் இருவர் கல்யாணத்துக்கும் வந்து மொய் எழுதியவர், அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். பிறகு ஷூவைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டார்.

முதல் சத்தம் ரொம்பச் சின்னதாக வந்தது, நகத்தால் டம்ளரைத் தட்டியதுபோல. அவள் என் கையைப் பிடித்தாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் தொடர்ந்து நாலைந்து. ஒவ்வொன்றுக்கும் அவள் பிடி இறுகியது. கடைசியில் ஒரு நீளமான விரிசல் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பெரியம்மா எழுந்து வெளியே போனார். டீக்கடையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தார். யாரும் அவரிடம் வாங்கிவரச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பால் தெளிப்பது, எலும்பு பொறுக்குவது எல்லாம் ஆண்கள் வேலை. அப்பாவுக்கு நடந்தபோதுகூட நான் வீட்டில்தான் இருந்தேன். அன்று தொட்டுப் பார்க்கிற அளவுக்கு உலை ஆறியபின் நான் மூடியைத் திறந்தேன். குழாய் நடுவில் துண்டு துண்டாகக் கிடந்தது. வெள்ளை இருந்த இடத்தில்தான் அதிகமாக உடைந்திருந்தது. பெரியம்மா பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துக் கொடுத்தார். அவள் பாலைக் கையில் ஊற்றித் தெளித்தாள்.

"கற்பூரம் இருக்குதாக்கா?"

அந்த அறையில் அதற்கா பஞ்சம்? டப்பாவைத் திறந்து ஒரு வில்லையை எடுத்து உலை விளிம்பில் வைத்தேன். பெரியம்மா பற்றவைத்தார். என் கை பழக்கத்தில் கையுறைப் பெட்டிக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தக் குழாயை நான் வெறுங்கையால் தொட்டது அன்று ஒரு தரம்தான். கூர் பட்டுவிடாமல் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, காலிக் கற்பூர டப்பாவில் பஞ்சு விரித்து அதன்மேல் வைத்தேன். மூன்றாவது விரல் மட்டும் உடையாமல் முழுசாக இருந்தது, வளைவோடு. அதை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதை உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூடினாள்.

"இன்னும் சூடு கீதுக்கா" என்றாள்.

கற்பூரம் எரிந்து அணைகிறவரை அவள் அந்தக் கையைத் திறக்கவில்லை.